மல் தீவில் கழுகும் நீர்நாயும்: சில கேள்விகள், பதில்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய மல் தீவுக்கு ஆறு முறை போய் வந்திருக்கிறேன். விடுமுறைக்கு அங்கே போக நினைக்கும் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஜூன் கடைசியில் நான்கு நாள் போகிறோம். சரியான சமயம்தானா?

அருமையான சமயம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆகஸ்டில் போனால் பஃபின் என்ற கடற்பறவைகள் கடலுக்குத் திரும்பியிருக்கும். நான்கில் ஒரு நாளுக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். காற்று பலமாக அடித்தால் சிறு படகுகள் கிளம்பாது, பயணத்தை மாற்றிக்கொள்ள அந்த நாள் உதவும். கரையிலுள்ள ஓபன் ஊரிலிருந்து மல் தீவின் கிரெய்க்னியூருக்கு ஃபெரியில் முக்கால் மணி நேரம்தான். கார் கொண்டு போவதென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். ஃபெரிக்குக் காத்திருக்கும்போதே ஓபன் கடற்சுவரின் ஓட்டைகளைக் கவனியுங்கள். சிவந்த கால்களும் சிறகில் வெள்ளைத் திட்டும் கொண்ட கருநிறக் கில்லிமாட் என்ற கடற்பறவை அங்கேயே கூடு கட்டும்.

தூரத்தில் பறப்பது கடற்கழுகா, பொன்னிறக் கழுகா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், சாலையோரக் கம்பத்தில் உட்கார்ந்திருப்பது அநேகமாக இரண்டும் இல்லை, பஸர்ட் என்ற சிறிய வேட்டைப் பறவை. கழுகென்று நினைத்து எல்லோரும் வண்டியை நிறுத்துவது அதற்காகத்தான். வெண்வால் கடற்கழுகு சிறகைத் தட்டையாக விரித்துப் பறக்கும். வால் குட்டை, தலை முன்னால் நன்றாக நீட்டியிருக்கும். சிறகு விரிப்பு எட்டடி வரை வரும். பொன்னிறக் கழுகு வட்டமிடும்போது சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடிக்கும், வாலும் நீளம்.

கடற்கழுகைப் பார்க்கும்போது அதன் கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் கடைசிக் கடற்கழுகை 1918-இல் சுட்டுவிட்டார்கள். 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1985-இல், மல் தீவில்தான் முதல் குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தது.

நீர்நாய் ஆற்றில்தானே இருக்கும்? கடலில் எங்கே தேடுவது?

நம் காவிரியில் இருப்பது வேறு இனம். மல் தீவில் இருப்பது ஐரோப்பாவின் ஆறுகளில் வாழும் அதே யூரேசிய நீர்நாய்தான், இங்கே கடலில் மீன் பிடிக்கிறது. ஆனால் ரோமத்தில் ஏறும் உப்பைக் கழுவ நன்னீர் வேண்டும். அதனால் சிற்றோடை கடலில் சேரும் இடங்களைப் பாருங்கள். லாக் நா கீல், லாக் ஸ்கிரிடைன் என்ற இரண்டு கடற்கழிகளின் கரையும் நல்ல இடங்கள்.

தண்ணீர் வற்றிக் கடற்பாசி வெளியே தெரியும் நேரத்தில், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். தலை, முதுகு, வால் மூன்றும் வரிசையாகத் தெரிந்தால் நீர்நாய். உருண்டைத் தலை மட்டும் நிமிர்ந்து உங்களையே பார்த்தால் சீல். நீர்நாய் முங்கினால் இருபது, முப்பது நொடிக்குள் மேலே வரும். அது உள்ளே இருக்கும்போது மட்டும் நகருங்கள், மேலே வந்ததும் கல்லாகிவிடுங்கள். ஒருமுறை அப்படி ஒரு பாறைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் இருந்தேன். பெரிய நண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு கரையேறி, பதினைந்தடி தள்ளிப் பாசிமேல் உட்கார்ந்தது. ஓடு நொறுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சாப்பிட்டு முடித்து, பாசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கவனிக்காமலே தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கப்புறம்தான் மூச்சே விட்டேன்.

சின்னக் குழந்தைகளோடு பஃபின் பார்க்க முடியுமா?

முடியும். ட்ரெஷ்னிஷ் தீவுகளில் லுங்காவுக்குப் படகு போகிறது, பல படகுகள் ஸ்டாஃபா தீவையும் சேர்த்தே காட்டும். லுங்காவில் படகுத்துறை கிடையாது. வழுக்கும் உருண்டைக் கற்களைத் தாண்டிச் செங்குத்தாக ஏற வேண்டும், குழந்தையின் கையை விடாதீர்கள். மேலே போனதும் புல்லில் உட்கார்ந்தால் போதும், அவை நடந்தே அருகில் வரும். மனிதர்கள் இருந்தால் பஃபினை வேட்டையாடும் ஸ்குவா பறவைகளும் கடற்காக்கைகளும் அண்டாது என்று படகுக்காரர்கள் சொல்வார்கள். பஃபின்களின் வளைகள் விளிம்புவரை இருக்கும், பாதையை விட்டு மிதித்தால் உள்ளே குஞ்சோடு இடிந்துவிடும்.

கார்ன்கிரேக் பறவையைப் பார்க்க, பக்கத்து அயோனா தீவுக்குப் போகலாமா?

பார்க்க இல்லை, அதன் குரலைக் கேட்கப் போங்கள். நம் கானாங்கோழியின் குடும்பம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து உயரமான புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். சீப்பின் பல்லை நகத்தால் இழுப்பதுபோல 'க்ரெக்ஸ் க்ரெக்ஸ்' என்று இரவெல்லாம் கத்தும். புல்லுக்குள் மட்டும் இறங்காதீர்கள்.

கடிக்கும் மிட்ஜ் பூச்சிக்கு என்ன செய்வது?

காற்றடிக்கும் இடத்தில் நில்லுங்கள். காற்றே இல்லாத மாலைகளுக்குத் தலையை மூடும் வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுகுக் கூடு இருக்கும் இடம் சொன்னால் கிட்டே போய்ப் படம் எடுக்கலாமே?

சொல்ல மாட்டேன். கூட்டில் இருக்கும் கடற்கழுகைத் தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தாய் பதறி எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும். வழிகாட்டியோடு, பாதுகாப்பான தூரத்திலிருந்து கூட்டைப் பார்க்கத் தீவிலேயே ஏற்பாடு உண்டு, அதற்குப் பதிவு செய்யுங்கள். அங்கே தொலைநோக்கி வழியாக, கழுகு மீனைக் கிழித்துக் குஞ்சுக்கு ஊட்டுவதையே பார்க்கலாம்.