கட்டற்ற மென்பொருளுக்கு இஷ்யூ டிராக்கரும் விக்கியும்: எதைத் தேர்ந்தெடுப்பது?

"நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்றைக் கட்டற்ற உரிமத்தில் எழுதுகிறோம். கோட் கிட்ஹப்பில் இருக்கிறது. பிழைகளைப் பதிய ஜிரா, விக்கிக்கு கான்ஃபுளுவன்ஸ் என்று போகலாமா? இல்லை, சொந்த சர்வரில் ரெட்மைன் நிறுவலாமா?" என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம் என்பேன். இஷ்யூக்கள் (பயனர்கள் பதியும் பிழைகள், கோரிக்கைகள்) கோட் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கையேடு ரெப்போவுக்குள் (கோட் சேமிப்பிடத்துக்குள்) ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும். நிரல் எழுதாதவர்களும் எழுத முன்வந்தால் மட்டும் தனி விக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவியில் என்ன வசதி என்று ஒப்பிடுவதற்கு முன், நாளைக்கு அங்கிருந்து கிளம்ப நேர்ந்தால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பாருங்கள். கிட்ஹப்பைப் போன்ற கூகுள் கோட் தளத்தை மூடப்போவதாக 2015 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆகஸ்டில் படிக்க மட்டுமே முடிந்தது, 2016 ஜனவரியில் கதவை அடைத்தார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2014-இல் பக்ஸில்லா என்ற இஷ்யூ டிராக்கரிலிருந்து ஃபேப்ரிகேட்டருக்கு மாறியது. 2021 ஜூனில் ஃபேப்ரிகேட்டரை எழுதியவர்கள் பராமரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அது கட்டற்ற மென்பொருள் என்பதால்தான் ஃபோர்ஜ் என்ற பெயரில் வேறு சிலர் தொடரும் கிளையாக இன்றும் உயிரோடு இருக்கிறது. சொந்த சர்வரில் நிறுவும் ஜிரா சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரியோடு முடிந்தது. பத்து வருடம் ஓடப்போகும் திட்டம் என்றால் ஒரு முறையாவது இடம் மாறித்தான் ஆக வேண்டியிருக்கும்.

ஜிராவின் பலம் வேலை நிலைகளை நுணுக்கமாக வரையறுப்பதில் இருக்கிறது. சோதனைக் குழு, வெளியீட்டுக் குழு, வாடிக்கையாளர் பிரிவு எல்லாம் உள்ள இடத்துக்கு அது பொருந்தும். நான்கு பேருக்கு அந்த நிலைகளைப் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும். பிழை சொல்ல வருகிறவர் இன்னொரு கணக்கு வேறு திறக்க வேண்டும். ஸ்பேம் தொல்லையால் அப்பாச்சி அறக்கட்டளையின் ஜிராவிலேயே இப்போது நேரடியாகக் கணக்குத் திறக்க முடியாது, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

ரெட்மைன் நல்ல மென்பொருள். ரூபி மொழியின் பிழைகளே அதில்தான் பதிவாகின்றன. சிக்கல் நிறுவுவதில் வருவதில்லை, அடுத்த பெரிய பதிப்புக்கு ஏற்றும்போது வரும். அடியில் உள்ள ரெயில்ஸ் (ரெட்மைன் எழுதப்பட்ட ரூபி சட்டகம்) பதிப்பும் சேர்ந்து மாறுவதால் ஆசையாகப் போட்டு வைத்த பிளக்இன்கள் உடையும். அவற்றை எழுதியவர்கள் கைவிட்டிருந்தால் பழைய ரெட்மைனிலேயே தங்கிவிடுவீர்கள், பாதுகாப்புத் திருத்தமும் வராது. டேட்டாபேஸ், இணைப்புக் கோப்புகள் உள்ள ஃபோல்டர், அமைப்புக் கோப்புகள் ஆகிய மூன்றையும் பேக்கப் எடுக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் யார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் சொந்த சர்வர் பக்கம் போகாதீர்கள்.

கோட் ஓரிடம், பிழைகள் வேறிடம் என்று வைப்பவர்களும் உண்டு. லினக்ஸ் டெஸ்க்டாப் உருவாக்கும் கேடிஈ திட்டத்தின் கோட், கிட்ஹப் போன்ற கிட்லேபில் இருக்கிறது, பயனர் பிழைகள் இன்னும் பக்ஸில்லாவுக்குத்தான் வருகின்றன. வரும் பிழைகளை வகை பிரிக்கவே அங்கே தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்த ஆள்பலம் கிடையாது.

கிட்ஹப் இஷ்யூக்களை அப்படியே திறந்துவிட்டால் "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரிகள்தான் குவியும். அதனால் முதல் நாளே இஷ்யூ படிவம் ஒன்று எழுதுங்கள். அது யாமல் கோப்பு (உள்தள்ளலால் அமைப்பைக் காட்டும் எழுத்துக் கோப்பு). ரெப்போவின் முதன்மைக் கிளையில் இருந்தால்தான் பயனருக்குத் தெரியும். உள்தள்ளல் ஓரிடத்தில் பிசகினாலும் படிவமே காணாமல் போகும், ஆகவே போட்டவுடன் புதிய இஷ்யூ பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெற்று இஷ்யூ திறக்கும் வழியை அமைப்புக் கோப்பில் அடைத்துவிட்டு, சந்தேகம் கேட்பவர்களை விவாதப் பகுதிக்கு அனுப்பும் இணைப்பைக் கொடுங்கள்.

படிவத்தில் மென்பொருள் பதிப்பு, இயங்குதளம், எந்தச் செயலியில் தட்டச்சு செய்தார், அழுத்திய விசைகள் வரிசையாக, எதிர்பார்த்தது, வந்தது ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசி இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, எழுத்தாகவே ஒட்டச் சொல்லுங்கள். தமிழ் மென்பொருளுக்கு இது உயிர்நாடியான விஷயம். "கொ" என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. "கௌ" என்ற இடத்தில் எகரக் கொம்போடு ளகரம் சேர்ந்து வந்திருந்தாலும் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒட்டப்பட்ட எழுத்து இருந்தால் குறியீடுகளைப் பிரித்துப் பார்த்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பெட்டியை நிரல் வடிவில் காட்டும்படி அமைத்தால் மார்க்டவுன் (குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் முறை) உள்ளே புகுந்து நட்சத்திரக் குறியையும் அடிக்கோட்டையும் விழுங்காது.

லேபிள்கள் ஆறேழு போதும். முதல் முறை பங்களிப்பவர்களுக்கான "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" லேபிளை மட்டும் மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்திலேயே விடுங்கள். புதியவர்களுக்குக் காட்டும் பங்களிப்புப் பக்கத்துக்கு கிட்ஹப் அந்தப் பெயரைத்தான் பார்க்கிறது. நாளானால் இஷ்யூவைத் தானாக மூடும் தானியங்கி நிரலை (பாட்) சேர்க்காதீர்கள். அதன் இயல்பமைப்பில் 60 நாள் அசைவில்லாவிட்டால் பழையது என்று குறித்து, மேலும் 7 நாளில் மூடிவிடும். பிழை அப்படியே இருக்கும். அதே பிழையை இன்னொருவர் புதிதாகப் பதிவார். முன்னவர் பாடுபட்டு எழுதிய விவரம் மூடிய பட்டியலின் அடியில் கிடக்கும். பாதுகாப்புக் குறைகளை யாரும் பொதுவில் எழுதிவிடாதபடி தனிப்பட்ட முறையில் அறிவிக்கும் வசதியை அமைப்புகளில் இயக்கி வையுங்கள். கிட்ஹப் கணக்கு இல்லாத பயனர்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்து, உங்களில் ஒருவர் அதை இஷ்யூவாகப் பதியட்டும். டெபியனில் பிழை பதிவதே முழுக்க மின்னஞ்சல் வழியாகத்தான், இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

விக்கி விஷயத்தில் கிட்ஹப்பின் விக்கியைத் தவிர்க்கவே சொல்வேன். அதற்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சரிபார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) கிடையாது. ஒன்று, ரெப்போவில் எழுதும் உரிமை உள்ளவர்கள் மட்டும் திருத்தலாம். இல்லை, கிட்ஹப் கணக்குள்ள எல்லோரும் திருத்தலாம். நடுவழி இல்லை. 500 நட்சத்திரத்துக்குக் குறைந்த ரெப்போவின் விக்கியைத் தேடுபொறிகள் பட்டியலிடுவதும் இல்லை. "தமிழ்99 நிறுவுவது எப்படி" என்று தேடுகிற பயனருக்கு உங்கள் பக்கம் கண்ணிலேயே படாது. கையேட்டை மார்க்டவுனாக ரெப்போவில் வைத்து, எம்கேடாக்ஸ் என்ற கருவி கொண்டு இணையதளமாக வெளியிடுங்கள். விசைப்பலகை மாறும்போது கோடும் கையேடும் ஒரே புல் ரிக்வெஸ்டில் மாறும். கையேட்டைத் தொடாத மாற்றத்தை மெர்ஜ் செய்யாமல் நிறுத்தவும் முடியும்.

ஆசிரியர்கள், எழுத்தாளர்கள் போன்றோர் உதவிக் குறிப்பு எழுத வந்தால் கிட் (கோட் மாற்றங்களைப் பதியும் கருவி) கற்றுக்கொள்ளச் சொல்லி அவர்களை விரட்ட வேண்டாம். அப்போது டோக்குவிக்கி போடுங்கள். டேட்டாபேஸ் தேவையில்லை, பக்கங்கள் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருப்பதால் ஃபோல்டரை நகலெடுத்தாலே பேக்கப் ஆகிவிடும். மீடியாவிக்கி இதைவிடப் பெரியது, டேட்டாபேஸ் கேட்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதே அதன் இயல்பமைப்பு. மூட மறந்தால் ஸ்பேம் அள்ளிக்கொண்டு போகும்.

டோக்குவிக்கியிலும் தமிழில் தலைப்பு வைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கோப்புப் பெயரை அது இயல்பாக சதவீதக் குறி வடிவில் எழுதும். ஒரு தமிழ்க் குறியீடு யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாவதால் சதவீத வடிவில் 9 எழுத்து. லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. பெயரின் கடைசியில் வரும் .txt-ஐயும் கழித்துக் கணக்குப் போட்டால் 27 குறியீட்டுக்கு மேல் தலைப்பு வைக்க இடமில்லை. புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், நான்கு சொல் தலைப்பே சேமிக்கும்போது தோற்றுப்போகலாம். அமைப்புகளில் கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகும். பக்கங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய கோப்புகளை டோக்குவிக்கி அடையாளம் காணாது.

கிட்ஹப்பிலேயே இருந்தாலும் வாராவாரம் இஷ்யூக்களை ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டுப் பெறும் வழி) வழியாக இறக்கி வையுங்கள். டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் மணிக்கு 60 கோரிக்கைதான், இருந்தால் 5000. பக்கத்துக்கு 100 வரை வரும். எல்லா நிலையும் வேண்டும் என்று கேட்காவிட்டால் திறந்திருப்பவை மட்டுமே வரும், மூடியவை விட்டுப்போனது பல மாதம் கழித்துத்தான் தெரியும். புல் ரிக்வெஸ்டுகளும் அதே பட்டியலில் கலந்து வரும், இரண்டுக்கும் எண் வரிசை ஒன்றே. இடம் மாறும்போது இந்த எண்கள்தான் அதிகம் படுத்தும். பைத்தான் 2022-இல் தன் பழைய டிராக்கரை விட்டு கிட்ஹப் இஷ்யூக்களுக்கு வந்தபோது ஒவ்வொரு பிழைக்கும் புது எண் விழுந்தது. பழைய கமிட்டுகள் (பதிந்த கோட் மாற்றங்கள்) பலவற்றில் எண்ணுக்கு முன் பழைய டிராக்கரைக் குறிக்கும் "பிபிஓ" என்ற முன்னொட்டு இருந்ததால் எது எந்த டிராக்கரின் எண் என்ற குழப்பம் குறைந்தது. உங்கள் கமிட் செய்தியிலும் இஷ்யூ எண்ணோடு நிறுத்தாமல், என்ன பிழை, ஏன் இந்தத் திருத்தம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு மாலை ஒதுக்கி ஒத்திகை பாருங்கள். சோதனை ரெப்போ ஒன்றில் பத்து இஷ்யூ போடுங்கள். ஒன்றில் படம், ஒன்றில் நீளமான தமிழ்த் தலைப்பு, இரண்டு மூடியவை இருக்கட்டும். பிறகு கிட்ஹப் போல நாமே நிறுவிக்கொள்ளும் ஃபோர்ஜெஜோவை மடிக்கணினியில் நிறுவி, அதன் இடமாற்ற வசதியால் எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். இஷ்யூ, லேபிள், கருத்து எல்லாம் வந்து சேரும். படத்தை மட்டும் சொடுக்கி முகவரியைக் கவனியுங்கள்: இஷ்யூவின் எழுத்துக்குள் இருப்பது கிட்ஹப் சர்வரின் இணைப்பு. உங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் அந்த இணைப்புகளைத் தேடிப் படங்களையும் தனியாக இறக்க வேண்டும்.