ப்ளோயர் மாட்யூல் போனால் முழு ஏசி யூனிட்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறோம். சேலம் ஜங்ஷனிலிருந்து விருந்தினர்களை அழைத்துவர ஒரு எலெக்ட்ரிக் வேன் இருக்கிறது. வாங்கி நான்கு வருடம் ஆகிறது, வாரண்டி முடிந்துவிட்டது. ஏசி ஃபேன் ஒரு நாள் ஓடுகிறது, ஒரு நாள் ஓடுவதில்லை. போன வாரம் வண்டியை ஆஃப் செய்து பூட்டிய பிறகும் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் சார்ஜ் இருந்தும் காலையில் வண்டி கிளம்பவில்லை. சர்வீஸ் சென்டரில் முழு ஏசி யூனிட்டையும் மாற்றச் சொல்லி, 28 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 41,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்தார்கள். ஐந்து ரோட்டில் உள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன், ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ப்ளோயர் மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். இந்த வண்டியில் வெளியாள் கை வைக்கலாமா?

பதில்: எலெக்ட்ரீஷியன் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் அவர் மோட்டாரையும் சோதித்தாரா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் மாட்யூல் வாங்கினால் புதியதும் எரிய வாய்ப்பு அதிகம்.

உள்ளே காற்றுத் தள்ளும் ப்ளோயர், எலெக்ட்ரிக் வேனிலும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. உயர் வோல்டேஜ் போவது ஏசி கம்ப்ரஸருக்கும், இருந்தால் ஹீட்டருக்கும். அந்தக் கேபிள்கள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ப்ளோயர் வேலையில் அவற்றைத் தொடவே தேவையில்லை. காலையில் வண்டி கிளம்பாததும் இதே 12 வோல்ட் சமாச்சாரம்தான். பெரிய பேட்டரியை இணைத்துவிடும் கான்டாக்டர் என்ற சுவிட்சுக்கு, தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியின் கரண்ட் வேண்டும். ஃபேன் 5 ஆம்பியர் இழுத்தால், 35 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி ஏழு மணி நேரத்தில் காலி. வேலை முடியும்வரை ராத்திரியில் ப்ளோயர் ஃப்யூஸைக் கழற்றி வையுங்கள்.

பூட்டிய வண்டியில் கேபின் ஃபேன் தானாக ஓடினால், மாட்யூலுக்குள் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பவர் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். சார்ஜ் ஏறும்போது முன்பக்கம் ரேடியேட்டர் ஃபேன் ஓடுவதும், மொபைல் ஆப்பில் ஏசியை முன்கூட்டியே போட்டிருந்தால் உள்ளே காற்று வருவதும் சாதாரணம். அவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாட்யூலுக்குப் பதில் ரெசிஸ்டர் இருக்கும் பழைய வகை போனால் அடையாளமே வேறு: கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடும், மற்ற ஸ்பீடுகள் செத்திருக்கும்.

சோதனையை இந்த வரிசையில் செய்யச் சொல்லுங்கள். முதலில் ஃப்யூஸும் ரிலேயும். பிறகு வண்டியை ரெடி நிலையில் வைத்து, ஃபேனைப் போட்டு, மாட்யூலுக்கு வரும் தடித்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரும். 12க்குக் கீழே காட்டினால் கோளாறு வயரிலோ, எர்த்திலோ, வயர்களை இணைக்கும் கப்ளரிலோ இருக்கிறது. மாட்யூல் மாற்றிப் பயனில்லை. அடுத்து சிக்னல் வயர். ஸ்பீடை மாற்றும்போது அதில் அளவு மாறாவிட்டால், பழுது டேஷ்போர்டு ஏசி சுவிட்ச் பேனலில் இருக்கலாம்.

கடைசியாக, ஆனால் முக்கியமாக, மோட்டார். அதன் கப்ளரைக் கழற்றி, தனியாக வைத்த 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக நேரே ஓட்டிப் பார்த்து, வயரைக் கவ்வி டிசி கரண்ட் (பேட்டரி மின்சாரம்) அளக்கும் கிளாம்ப் மீட்டரில் அளவைப் பார்க்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வைத்திருக்கும் சாதா கிளாம்ப் ஏசி கரண்ட்டை (வீட்டு மின்சாரம்) மட்டும்தான் அளக்கும், இதற்கு ஆகாது. வண்டியின் ப்ளோயர் ஃப்யூஸ் 30 ஆம்பியர் என்றால், முழு வேகத்தில் 25 தாண்டினாலே மோட்டார் சந்தேகத்துக்குரியது. கரகரவென்ற சத்தம், கையால் சுற்றும்போது இறுக்கம் இருந்தால் பேரிங் போய்விட்டது. அப்போது மோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாட்யூல் ஏன் எரிகிறது? பல வண்டிகளில் இருப்பது லீனியர் வகை. ஃபேன் பாதி வேகத்தில் ஓடும்போது மிச்ச வோல்டேஜை இது சூடாக மாற்றிக் கழிக்கிறது. மோட்டாருக்கு 6.5 வோல்ட்டும் 8 ஆம்பியரும் போனால், மாட்யூலில் 7 வோல்ட் மிஞ்சும். அதாவது சுமார் 56 வாட், ஒரு சோல்டரிங் அயர்னின் சூடு. அதைத் தணிப்பதும் ப்ளோயர் தள்ளும் காற்றுதான். அலுமினிய ஹீட் சிங்க் காற்றுப் பாதைக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருப்பது அதற்காக. ஃபில்டர் அடைத்தால் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும் என்று பலர் சொல்வார்கள். இந்த வகை விசிறியில் காற்று குறைந்தால் கரண்ட்டும் குறையத்தான் செய்யும். மாட்யூலைக் கொல்வது குளிர்ச்சி கிடைக்காததுதான். கருப்பூர், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் தூசியிலும், மலையில் எஸ்டேட் ரோட்டிலும் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே கேபின் ஃபில்டரை மாற்றுவது நல்லது. ஏற்காட்டில் இன்னொன்று: காபித் தோட்டத்து சில்வர் ஓக் இலைகள் வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலியில் சேர்ந்து மக்கி, மழையில் தண்ணீர் வடியும் வழியை அடைத்துவிடும். அந்தத் தண்ணீர் ப்ளோயருக்குள் இறங்கும்.

மாற்றும் வேலை பெரிதல்ல. சார்ஜிங் கன்னைக் கழற்றி, வண்டியை ஆஃப் செய்து, ஸ்மார்ட் கீயைத் தள்ளி வைத்து, 10 ஸ்பேனரால் 12 வோல்ட் நெகட்டிவ்வைக் கழற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஏர்பேக் இருக்கும் வண்டியில் மஞ்சள் கப்ளர்கள் அருகிலேயே இருக்கும், அவற்றில் கை வைக்கக் கூடாது. இடதுபக்க க்ளவ் பாக்ஸை இறக்கினால் ப்ளோயர் தெரியும். பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று ஸ்க்ரூவில் மாட்யூல் நிற்கும். கப்ளரின் பூட்டை அமுக்கி எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. மாட்யூல் வந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்து இலை, எலிக்கூடு இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். கப்ளர் பின் பழுப்பேறி உருகியிருந்தால் அதே தடிமன் வயரோடு கப்ளரையும் கிரிம்ப் செய்து மாற்றச் சொல்லுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அந்த இடம் மறுபடி சூடாகும். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவை அழுத்தி முறுக்கினால் மரை போய்விடும். பிறகு ஒவ்வொரு ஸ்பீடிலும் இரண்டு நிமிடம் ஓட்டி கிளாம்ப் வைத்துப் பார்த்துவிட்டு மூடலாம். கை எட்டும் இடத்தில் இருந்தால் ஒரு மணி நேர வேலை. டேஷ்போர்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்றால் அரை நாள்.

"மாட்யூல் எதற்கு, நேரே சுவிட்ச் வைத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம். ஸ்பீடு கட்டுப்பாடும் போகும், மலையேறும்போது ஃபேன் நின்றது தெரியாமல் ஏசி ஓடி, உள்ளே ஐஸ் கட்டும். 30 ஃப்யூஸுக்குப் பதில் 40 போடுவது அதைவிட மோசம். இருபது கொண்டை ஊசி வளைவில் பனி இறங்கும்போது கண்ணாடியைத் தெளிய வைப்பதும் இதே ஃபேன்தான், ஒப்பேற்றி ஓட்டாதீர்கள்.

எஸ்டிமேட் பற்றி: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டிதான். 28 என்று போட்டிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். மாட்யூல் தனியாக ஸ்பேர் லிஸ்ட்டில் இல்லையா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், பழைய மாட்யூலின் மேலே அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் படமெடுத்துக் கடைகளில் விசாரியுங்கள்.

கேள்வி: சீலநாயக்கன்பட்டியில் இருக்கிறேன். ஆன்லைனில் மாட்யூல் வாங்கினேன். என் வேன் மாடலுக்குப் பொருந்தும் என்று போட்டிருந்தார்கள். வந்ததில் நான்கு பின், என் கப்ளரில் மூன்று. எலெக்ட்ரிக்கல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார் விற்பவர்.

பதில்: சொன்னபடி இல்லாத பொருளையோ, பழுதான, போலியான பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு ஈ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தில் உங்கள் மாடல் பெயர் இருந்த ஸ்க்ரீன்ஷாட்தான் உங்கள் பலம். அவர்கள் அதை மாற்றுவதற்குள் எடுத்து வையுங்கள். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். பார்ட் நம்பரைப் பார்க்காமல் நீங்களே வேறொன்றை ஆர்டர் செய்திருந்தால் இது செல்லாது. பொருத்திப் பார்க்க பின்னை வளைத்திருந்தாலும் வழக்கு பலவீனமாகிவிடும்.

கேள்வி: பேட்டரிக்கு இன்னும் வாரண்டி இருக்கிறது. வெளியில் ப்ளோயர் வேலை பார்த்தால் அதுவும் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (சூரமங்கலம்)

பதில்: எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேச்சு அங்கேயே அடங்கும். 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் 2014ல் இந்தியப் போட்டி ஆணையம் தந்த உத்தரவில், வெளியில் வேலை பார்த்தாலே வாரண்டி முழுக்க ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளிவேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று இருக்கிறது. அது அந்த நிறுவனங்களுக்கான உத்தரவு, மேல்முறையீடும் போனது. ஆனாலும் வாதத்துக்கு உதவும். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: ஆரஞ்சு கேபிளைத் தொடாமல், வயரிங்கை நறுக்கி இணைப்பு எடுக்காமல் வேலை நடக்க வேண்டும். பார்ட் நம்பரும் வேலை விவரமும் எழுதிய பில்லையும், கழற்றிய பழைய மாட்யூலையும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: அம்மாப்பேட்டையிலிருந்து புடவைக் கட்டுகள் ஏற்றும் வேன் என்னுடையது, நானேதான் ஓட்டுகிறேன். சர்வீஸில் மாற்றிய மாட்யூல் இரண்டு மாதத்தில் எரிந்துவிட்டது. வியாபார வண்டி என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதா?

பதில்: போகலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன், மோட்டார் கரண்ட்டை அளந்தார்களா, அளவு என்ன என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். அளக்காமல் மாட்யூலை மட்டும் மாற்றியிருந்தால், சேவைக் குறைபாடு என்ற உங்கள் வாதத்துக்கு அந்தப் பதிலே முதல் ஆவணம்.