அடித்தாலும் அடித்தாலும் திரும்பி வரும் சிலந்திப்பேன்: கேள்வி பதில்

விளக்கு வெளிச்சத்தில், க்ரோ டென்ட்டில் (உள்ளே விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் துணிக் கூடாரம்), பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பயிர்க்கூடம்) என்று மூடிய இடத்தில் செடி வளர்ப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. செஞ்சிலந்தி, செம்பேன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் எல்லோரும் கேட்பது இலைக்கடியில் மெல்லிய வலை பின்னும் இருபுள்ளிச் சிலந்திப்பேனைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): அக்கா, பேஸ்மென்டில் விளக்குப் போட்டு இரண்டு கறிவேப்பிலைக் கன்றும் கொஞ்சம் கத்தரி, மிளகாய்க் கன்றும் வைத்திருக்கிறேன். குளிர் தொடங்கி ஹீட்டர் போட்ட பிறகு இலையெல்லாம் ஊசியால் குத்தினது போல வெளிறிப் போச்சு. வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் அடிக்கிறேன். இரண்டு மூன்று நாள் நல்லா இருக்கும், பிறகு பழையபடி வந்துவிடும். இதைவிட நல்ல எண்ணெய் இருக்கா?

பதில்: எண்ணெயை மாற்ற வேண்டாம், நாள் இடைவெளியை மாற்றுங்கள். விளக்குக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் சூடு இருந்தால் சிலந்திப்பேன் முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும், ஒரு வாரம் போனால் அதுவே வளர்ந்து முட்டை போடத் தயாராகிவிடும். ஒரு பெண் பேன் வாழ்நாளில் நூறு முட்டை வரைக்கும் போடும். இன்னொன்று, ஆணோடு சேராத பெண் போடும் முட்டையும் பொரியும், அவை எல்லாம் ஆணாகப் பிறக்கும், வளர்ந்ததும் அந்த ஆணோடு தாயே சேர்ந்துகொள்ளும், அதனால் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு பெண் போதும், குடும்பம் மறுபடி தொடங்கிவிடும். நீங்கள் வாரத்துக்கு ஒருமுறை அடிக்கும்போது ஓடித் திரிகிறவை சாகின்றன, எண்ணெய் படாத முட்டைகள் தங்குகின்றன, அடுத்த முறை நீங்கள் வருவதற்குள் அவை வளர்ந்து அடுத்த முட்டையையும் போட்டு முடித்திருக்கும்.

அதனால் மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது ஐந்து தடவை. இடையில் பேன் கண்ணில் படவில்லை என்று நிறுத்தவே கூடாது, எல்லோரும் தோற்பது அந்த இடத்தில்தான். பேஸ்மென்ட் 20 டிகிரி அளவில் குளிர்ச்சியாக இருந்தால் எல்லாம் மெதுவாக நடக்கும், முட்டை வளர்ந்து பெரிதாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்போது ஐந்து நாளுக்கு ஒருமுறை போதும், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் செய்ய வேண்டும்.

அடிக்கும் விதமும் முக்கியம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு. துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம், இலை கருகும். முதலில் தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் மண் கொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் பையால் வாயைக் கட்டி, பக்கவாட்டில் சாய்த்து, ஷவரால் இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாக அடித்துக் கழுவுங்கள். பாதிப் பேன் வலையோடு அங்கேயே போய்விடும். ஈரம் வடிந்த பிறகு கறிவேப்பிலையை ஈர்க்கு ஈர்க்காகப் பிடித்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்திலிருந்து சொட்டும் வரை மருந்தை அடியுங்கள். மேலே அடிப்பது வீண் வேலை, பேன் இருப்பது கீழே, நடு நரம்பை ஒட்டி. எண்ணெயும் சோப்பும் நேராகப் பட்டால்தான் கொல்லும், படாத இடத்தில் ஒன்றுமே நடக்காது. விளக்கை அணைத்துவிட்டு அடித்து, இலை காய்ந்த பிறகு போடுங்கள். காய்ந்து வாடிய செடிக்கு முதலில் தண்ணீர் ஊற்றி நிமிரவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும்.

கறிவேப்பிலை மிக மோசமாக இருந்தால் தயங்காமல் அரை உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். வெட்டியதை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள். நன்றாக வேர் பிடித்த கன்று துளிர்த்து வரும்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): பால்கனியை மூடி எல்.ஈ.டி. விளக்கு வைத்து மிளகாய் வளர்க்கிறேன். இலை சுருண்டுகொண்டே போகிறது, வலை எதுவும் தெரியவில்லை. இதுவும் சிலந்திப்பேன்தானா?

பதில்: எப்படிச் சுருள்கிறது என்று பாருங்கள். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு மாதிரி ஆனால் அது பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, குருத்து தடித்துக் கருத்துப் போனால் அது மஞ்சள் சிலந்தி எனப்படும் வேறொரு வகை, அதுவும் எட்டுக்கால் இனம்தான், ஆனால் வலை பின்னாது, வெறும் கண்ணுக்கும் தெரியாது. வலை பின்னும் சிலந்திப்பேன் முதலில் தாக்குவது பெரும்பாலும் முதிர்ந்த கீழ் இலைகளை, இலை சுருளுவதற்கு முன் புள்ளி புள்ளியாக வெளிறும்.

உறுதி செய்ய ஒரு வெள்ளைக் காகிதத்தை இலைக்கடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தூசுகள் விழும். ஒரு நிமிடம் அப்படியே பாருங்கள், தூசு நகர ஆரம்பித்தால் பேன். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதில் முதுகின் இருபக்கமும் கறுப்புத் திட்டும், பக்கத்தில் கண்ணாடி மணியாக உருண்ட முட்டைகளும், உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்களும் தெரியும். மஞ்சள் சிலந்தியைப் பார்க்க இன்னும் சக்தியுள்ள லென்ஸ் வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூர்): மேடம், கொசு மருந்து ஸ்ப்ரே அடிக்கலாமா? அம்மா சாம்பிராணிப் புகை போடச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் இமிடாகுளோபிரிட் கொடுத்தார்கள்.

பதில்: மூன்றும் வேண்டாம். சாம்பிராணி வாசம் வீட்டுக்கு நல்லது, பேனுக்கு ஒன்றும் செய்யாது. கொசு ஸ்ப்ரேயில் இருப்பது பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை, அது சிலந்திப்பேனைவிட அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் முதலில் கொல்லும், அப்புறம் பேன் இன்னும் பெருகும். இமிடாகுளோபிரிட் அதைவிட மோசம். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அது நல்ல மருந்து, ஆனால் சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, அதன்மேல் அந்த மருந்து வேலை செய்யாது. அது போட்ட செடிகளில் பேன் கூடுதலாக முட்டையிடுவதையும் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மருந்துக்கடையில் "பூச்சி" என்று பொதுவாகச் சொல்லாமல் "சிலந்திப்பேன்" என்று சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குள் இருக்கும் செடிக்குக் கடை மருந்தே தேவையில்லை என்பதுதான் என் கருத்து, தூங்கும் அறைக்குப் பக்கத்தில் அதை அடிக்கக் கூடாது.

கேள்வி (ஹாரோ, லண்டன்): பேனைத் தின்னும் பேன் என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அதை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? டென்ட்டில் கத்தரியும் மிளகாயும்.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த வழி அது, ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஃபைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். 1958-ல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து சேர்ந்தது. 1960-களின் கடைசியில் நெதர்லாந்தில் வெள்ளரி விவசாயி யான் காப்பர்ட் அதை வளர்த்து விற்கத் தொடங்கினார், கண்ணாடிக்கூடங்களில் உயிரியல் முறை பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆரஞ்சு நிறம், பேரிக்காய் வடிவம், நீண்ட கால், ஓயாத ஓட்டம். ஒன்று ஒரு நாளைக்கு ஐந்து வளர்ந்த பேனையோ இருபது முட்டையையோ தின்றுவிடும். முட்டையையும் தேடித் தின்பதால் எண்ணெயால் முடியாத வேலை இதற்கு முடியும்.

இப்போது நிபந்தனைகள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் முட்டை வற்றிவிடும். 30 டிகிரிக்கு மேல் சூடானால் சோர்ந்துவிடும். டென்ட் சூடாகவும் வறண்டும் இருந்தால் கலிஃபோர்னிகஸ் என்ற வகையைக் கேளுங்கள், அது மெதுவாகத்தான் தின்னும், ஆனால் வறட்சியைத் தாங்கும், பேன் தீர்ந்தாலும் மகரந்தத்தைத் தின்று பிழைத்துக்கொள்ளும். பெர்சிமிலிஸ் அப்படியல்ல, சிலந்திப்பேன் தீர்ந்தால் அதுவும் பட்டினியில் சாகும்.

வலை மூடிய செடியில் நேராகக் கொட்டுவதும் காசை வீணாக்குவதுதான். முதலில் சோப்புத் தண்ணீராலும் ஷவராலும் எண்ணிக்கையைக் குறையுங்கள், பிறகு வெறும் தண்ணீரால் கழுவி, இலை காய்ந்த பின் விடுங்கள். விட்ட பிறகு எந்த மருந்தும் அடிக்கக் கூடாது, வேப்பெண்ணெய்கூட. செடிகளின் இலைகள் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வையுங்கள், அது நடந்துதான் போகும், அதற்கு இறக்கை கிடையாது. இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும்.

கேள்வி (சிங்கப்பூர்): ஏ.சி. அறையில் செடிகள். ஹியூமிடிஃபையர் வைத்தால் பேன் போய்விடுமா?

பதில்: போகாது, வேகம் குறையும். ஏ.சி. காற்று வறண்டது, அதுதான் அங்கே பேனுக்கு வசதி. ஈரப்பதத்தை ஏற்றுவது துணை வேலை, கழுவுவதும் அடிப்பதும் முக்கிய வேலை. ஈரம் கூட்டினால் காற்றோட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல் நோய் வந்து உட்காரும்.

கேள்வி (ஓசூர்): பாலிஹவுஸில் ரோஜா. அபாமெக்டின் என்ற சிலந்திப்பேன் மருந்து முன்பு நன்றாகக் கேட்டது, இப்போது அளவைக் கூட்டினாலும் கேட்கவில்லை.

பதில்: அளவைக் கூட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். உலகத்தில் அதிக மருந்துகளுக்கு எதிர்ப்பு சக்தி வளர்த்துக்கொண்ட உயிர்களில் இந்தச் சிலந்திப்பேனுக்கு முன்வரிசை, 90-க்கும் மேற்பட்ட மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது அதில் சாகாதவை மட்டும் இனம் பெருக்கும், அளவு கூடினால் அந்தத் தேர்வு இன்னும் கடுமையாகும்.

மருந்துப் பெயரை மாற்றினால் போதாது, அது வேலை செய்யும் விதம் மாற வேண்டும். அபாமெக்டின் ஒரு குழு, ஸ்பைரோமெசிஃபென் வேறு, ஃபெனசாகுவினும் ஃபென்பைராக்சிமேட்டும் ஒரே குழு, புரோபர்கைட் இன்னொன்று. ஃபெனசாகுவினுக்கு அடுத்து ஃபென்பைராக்சிமேட் அடித்தால் நீங்கள் மாற்றியதாகவே கணக்கில்லை. ஹெக்சிதயாசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும் மட்டும் தாக்கும், வளர்ந்ததைக் கொல்லாது, அதை அடித்துவிட்டு மறுநாள் பேன் ஓடுகிறதே என்று பதறி இன்னொன்றை அடிக்கக் கூடாது. எதை வாங்கினாலும் லேபிளில் உங்கள் பயிருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து அந்த அளவிலேயே அடியுங்கள். டைகோஃபால் என்ற பழைய சிலந்திப்பேன் மருந்தை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், 2019-ல் அதை, எளிதில் அழியாத நச்சுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

மருந்தைவிட முக்கியமான ஒன்று. ரோஜாவில் கிளைகளை வளைத்துப் படுக்கவிடுகிறீர்கள் அல்லவா, அந்தப் படுத்த இலைக்கூட்டத்தின் அடிப்பக்கம்தான் பேனின் வீடு. மேலே பூ வரும் தண்டுகளில் மட்டும் மருந்து பட்டால் ஒரு பயனும் இல்லை. வாரம் இருமுறை அங்கே குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்க ஒரு ஆளை வைத்து, பேன் தெரிந்த இடத்தில் ரிப்பன் கட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் அது கதவோரம், சூடான மூலை என்று திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், அந்தத் திட்டை மட்டும் கவனித்தால் மொத்தப் பாலிஹவுஸுக்கும் மருந்து அடிக்க வேண்டியிருக்காது. வேலை செய்பவர் அந்த வரிசைக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் பேன் சட்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்கு வந்துவிடும்.

கேள்வி (கோயம்புத்தூர், முன்பு கேட்டவர்): இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல்?

பதில்: திறந்த தோட்டத்தில் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூடிய அறையில் உங்கள் கண்ணும் மூக்கும்தான் எரியும். அந்த உழைப்பை இலையைக் கழுவுவதில் போடுங்கள்.

கேள்வி (ஒஸ்லோ): எல்லாச் செடியையும் வீசிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் மறுபடி வந்துவிட்டது. எங்கிருந்து வருகிறது?

பதில்: இரண்டு வழி. முதலாவது, அந்த இடத்திலேயே இருந்திருக்கும். நாள் குறுகி, குளிர் ஏறும்போது பெண் பேன்கள் ஆரஞ்சுச் சிவப்பாக மாறி, தின்பதையும் முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டு இடுக்கில் போய் உறங்கும், மாதக்கணக்கில் தாங்கும். டென்ட்டின் ஜிப் மடிப்பு, தொட்டியின் விளிம்புக்கு அடிப்பக்கம், செடி கட்டிய கயிறு, மூங்கில் குச்சியின் ஓட்டை எல்லாம் அதற்கு வசதி. வெளிச்சமும் சூடும் திரும்பியதும் எழுந்துவரும். கயிற்றையும் குச்சியையும் குப்பையில் போடுங்கள். டென்ட்டை வேக்குவம் செய்து, மடிப்புகளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காலியாகவே விளக்கையும் ஹீட்டரையும் போட்டு இரண்டு வாரம் விடுங்கள். இருக்கிற முட்டை பொரியும், தூங்குகிறது எழும், தின்ன இலை இல்லாமல் சாகும்.

இரண்டாவது, கடையில் வாங்கிய புதுச் செடி, நண்பர் கொடுத்த கன்று. எதுவாக இருந்தாலும் மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள், அந்த மூன்று வாரமும் லென்ஸோடு அடி இலையைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி (வேளச்சேரி): சரி, முழுவதும் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

பதில்: பழைய புள்ளிகள் மறையாது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், வெளிறின இலை வெளிறினதுதான். புதிதாக வந்த இலைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி ஸ்ப்ரேக்குப் பிறகு மூன்று வாரம், நாலு நாளுக்கு ஒருமுறை காகிதத் தட்டல் செய்யுங்கள், ஒவ்வொரு செடியிலும் கீழ் இலை, நடு இலை, குருத்து மூன்றிலும். ஒன்றுகூட விழவில்லை என்றால் போய்விட்டது. ஒன்று விழுந்தாலும் அந்தச் செடியை அன்றே தனியாக எடுத்து வைத்து, முதலிலிருந்து ஐந்து தடவை.