ஜெய்சிங்கோட ஜந்தர் மந்தர்: கேளுங்க, சொல்றேன்

ஜெய்ப்பூரை 1727ல கட்ட ஆரம்பிச்ச சவாய் ஜெய்சிங் ராஜா டெல்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரான்னு 5 ஊர்ல வானத்தை அளக்குற ஆய்வுக்கூடம் கட்டினார், அதைத்தான் ஜந்தர் மந்தர்னு சொல்றோம். அதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு என் பதில் கீழ இருக்கு.

அண்ணே, வெள்ளைக்காரன் டெலஸ்கோப் வச்சுப் பாத்துட்டிருந்த காலத்துல இவர் எதுக்கு கல்லுல கட்டினார்?

நல்லா கேட்டீங்க. முதல்ல அவரும் பித்தளைக் கருவிதான் செஞ்சார். சின்னதா இருக்கு, அச்சு தேயுது, நடுப்புள்ளி நகருது, அளவு மாறிப்போகுதுன்னு வெறுத்துப்போய்தான் கல்லும் சுண்ணாம்புமா மாறினார். கருவி பெருசானா கோடுகளையும் நெருக்கமா போடலாம்ல. அவருக்கு முன்னாடியே சமர்கந்துல உலுக் பெக்ங்கிற ராஜா பெரிய ஆய்வுக்கூடம் கட்டினதும் அவருக்குத் தெரியும். டெலஸ்கோப்பும் அவர்கிட்ட இருந்துச்சு, ஆனா அதை வச்சு கோணம் அளக்குற பக்கம் அவர் போகல, என்னைக் கேட்டா அங்கதான் சறுக்கினார்.

அங்க இருக்குற சூரியக் கடிகாரம் 2 செகண்ட் வரைக்கும் நேரம் காட்டும்னு சொல்றாங்களே, உண்மையா?

ஜெய்ப்பூர்ல இருக்குற அந்தச் சூரியக் கடிகாரத்துக்கு சாம்ராட் யந்திரம்னு பேரு, கிட்டத்தட்ட 27 மீட்டர் உயரம், நிழல் செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும், நிமிஷத்துக்கு நாலு விரக்கடை கண்ணெதிர்லயே ஊர்ந்து போகும். கோடு 2 செகண்டுக்குத்தான் போட்டிருக்கு, ஆனா சூரியன் புள்ளி இல்லயே, அரை டிகிரி அகலத் தட்டு, அதனால நிழலோட ஓரம் கத்தி மாதிரி விழாம மங்கலாத்தான் விழும். ஒரு நூலை, கோடு போட்ட பளிங்குக்கு கொஞ்சம் மேல பிடிச்சு, அதோட நிழல் எந்த இடத்துல அந்த மங்கல்ல கரையுதுன்னு பாத்தா ஓரளவு சரியா படிக்கலாம். சும்மா கண்ணால பாத்து 2 செகண்ட் சொல்றேன்னா நம்பாதீங்க.

சார், இதெல்லாம் ஜோசியத்துக்குத்தானே?

பஞ்சாங்கம், முகூர்த்தம் எல்லாம் அதுல உண்டு, அந்தக் காலத்துல ரெண்டையும் யாரும் பிரிச்சுப் பாக்கல. ராசிக்கு ஒண்ணா 12 ராசிவலய யந்திரமே இருக்கு. ஆனா வெறும் ஜோசியம்னா ஒரு ராஜா இவ்ளோ மெனக்கெடணுமா? அவரோட பண்டிதர் ஜகந்நாதர் தாலமியோட வானியல் நூலையும் யூக்ளிடோட வடிவகணித நூலையும் அரபிலேர்ந்து சமஸ்கிருதத்துக்குக் கொண்டு வந்தார். ஒரு பாதிரியாரோட போர்ச்சுகலுக்கு ஆள் அனுப்பி, பிரெஞ்சுக்காரர் லா ஹிர் போட்ட வானியல் அட்டவணையை வரவழைச்சு ஒத்துப் பாத்தாங்க. அந்த அட்டவணையில சந்திரன் இடத்துல அரை டிகிரி தப்புன்னு தன் நூல் முன்னுரையிலேயே எழுதிட்டார் மனுஷன்! அந்த நூல் பாரசீகத்துல, முகலாய பாதுஷா முகமது ஷா பேர்ல இருக்கு. இந்து ராஜா, முஸ்லிம் பாதுஷா, கிறிஸ்தவ பாதிரியார், எல்லாருக்கும் ஒரே வானம்தான்.

அஞ்சும் இன்னும் இருக்கா?

மதுரால இருந்தது போயிடுச்சு. மத்த நாலும் இருக்கு, ஜெய்ப்பூருக்கு 2010ல யுனெஸ்கோ அந்தஸ்து கிடைச்சுது.

போன பிப்ரவரில போனேன், ஜெய்ப்பூர் சூரியக் கடிகாரம் என் வாட்ச்சுக்கு 40 நிமிஷம் பின்னாடி காட்டுச்சு. ரிப்பேரா?

இல்லைங்க, வாட்ச்சும் சரி அதுவும் சரி. நம்ம நாட்டு நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, ஜெய்ப்பூர் அதுக்கு மேற்க, அதுலயே 27 நிமிஷம் போச்சு. பிப்ரவரி நடுவுல சூரியனே 14 நிமிஷம் லேட்டு. நவம்பர் தொடக்கத்துல போய்ப் பாருங்க, அப்ப சூரியன் முந்திக்கும், வித்தியாசம் 10, 11 நிமிஷம்தான் வரும்.