இலவச லைப்ரரிக்கும் விலை உண்டா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர். ஐந்து வருடமாக ஒரு வலைச் செயலியை ஜேக்வெரி என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) எழுதி வருகிறோம். இப்போது ஒரு பொத்தானைத் திருத்தினால் வேறெங்கோ ஒரு பட்டியல் கெட்டுப்போகிறது. திரைகளை உருவாக்க உதவும் ரியாக்ட், வியூ, ஆங்குலர், ஸ்வெல்ட் ஆகிய நான்கு லைப்ரரிகளில் ஒன்றுக்கு மாறலாம் என்று இருக்கிறோம். எல்லாமே இலவசம்தான். அப்படியிருக்க எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வாங்கும்போது இலவசம் என்பது சரி. விட்டு வெளியேறும்போதுதான் விலை தெரியும். ஆங்குலரின் முதல் வடிவமான ஆங்குலர்ஜேஎஸ் 2010-ல் வந்தது. 2016-ல் வந்த ஆங்குலர் 2 அடியோடு புதிதாக எழுதப்பட்டது. பழைய குறிமுறையை (கோட்) அப்படியே எடுத்துப் போக வழியில்லை. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது. வியூ 2-க்கும் 2023 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. அதனால் கிட்ஹப் தளத்தில் பயனர்கள் விருப்பம் காட்டப் போடும் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன்னால், ஒவ்வொன்றும் பழைய பதிப்புகளை எத்தனை காலம் தாங்குகிறது என்று பாருங்கள். ஆங்குலர் இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 18 மாதம். திட்டமிட்டு வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் உங்கள் நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜேக்வெரியில் எழுதும்போது தகவல் திரையிலேயே தங்கிவிடும். வாங்கும் கூடையில் எத்தனை பொருள் என்று தெரிய வேண்டுமா, திரையில் உள்ள வரிகளை எண்ணுவோம். ஒருவர் திரையின் அமைப்பை மாற்றினால் இன்னொருவரின் எண்ணிக்கை தப்பாகிவிடும். நீங்கள் சொன்ன நான்கும் அடிப்படையில் செய்வது ஒரே வேலைதான்: தகவலை ஓரிடத்தில் வைத்து, அதிலிருந்து திரையை வரைவது. இதை எந்த லைப்ரரியும் இல்லாமல் இன்றைக்கே தொடங்கலாம். கணக்குப் போடுவது, சரிபார்ப்பது, சர்வரோடு பேசுவது எல்லாவற்றையும் திரையைத் தொடாத சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு மாற்றுங்கள். அந்தக் கோப்புகளில் எந்த லைப்ரரியின் பெயரும் வரக்கூடாது. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் ஒரு லைப்ரரிக்குள் எல்லாவற்றையும் திணித்தேன். அதன் பராமரிப்பு நின்றபோது விற்பனை வரியைக் கணக்கிடும் சூத்திரத்தைக்கூடத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. அந்த வேலை எட்டு மாதம் இழுத்தது.

அப்புறம் தேர்வுக்கு வருவோம். ரியாக்ட் திரையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். பக்கம் மாறுவதற்கும் தகவலை வைத்துக்கொள்வதற்கும் தனித்தனி லைப்ரரிகளை நீங்களே தேட வேண்டும். ஆங்குலர் எல்லாவற்றையும் கட்டிக்கொடுத்துவிடும், ஆனால் டைப்ஸ்கிரிப்டையும் (வகைகளைக் குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்) ஆங்குலருக்கே உரிய முறைகளையும் முதலில் கற்க வேண்டும். பெரிய குழுவுக்கு அந்தக் கண்டிப்பு நல்லது, மூன்று பேருக்கு அது பாரம். ஸ்வெல்ட் ஒரு கம்பைலர். எழுதியதை முன்கூட்டியே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தருவதால் உலாவிக்குப் போவது பெரும்பாலும் சிறியதாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய செயலிக்குள் முதல் அடி வைக்க வியூ இன்னும் எளிது. பழைய பக்கத்தில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரியைச் சேர்த்து, ஒரு மூலையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். மற்ற பகுதி ஜேக்வெரியிலேயே ஓடட்டும். பக்கம் மாற்றுவதற்கு வியூ ரூட்டர், தகவலுக்குப் பினியா என்று அந்தக் குழுவே தருவதால் தேடி அலையவும் வேண்டாம். உங்கள் நிலையில் இருந்தால் நான் வியூதான் எடுப்பேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் போன்ற மாதிரிச் செயலியில் எல்லா லைப்ரரியும் அழகாகத்தான் தெரியும். உங்கள் செயலியிலேயே மூவரும் தொடப் பயப்படும் திரை எது? அதையே வியூவிலும் இன்னொன்றிலும் எழுதுங்கள். எழுதாத ஒருவர் அதில் ஒரு பிழையைத் திருத்தட்டும். அவருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உரிமத்தைப் படிக்க வேண்டுமா? எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தானே (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது)?

பதில்: படியுங்கள். பெரும்பாலும் இருப்பது எம்ஐடி என்ற எளிய, தாராளமான உரிமம், சில பத்திகள்தான். ரியாக்ட்டின் உரிமத்தோடு முன்பு காப்புரிமை (பேடன்ட்) பற்றிய தனி நிபந்தனை ஒன்று இருந்தது. அதனால் 2017-ல், ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை, அந்த நிபந்தனையோடு வரும் நிரல்களைத் தன் திட்டங்களில் சேர்க்கக்கூடாது என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடி உரிமத்துக்கு மாறியது. இன்றைக்கு மேலே சொன்ன நான்குமே எம்ஐடிதான், வணிகச் செயலியிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவற்றோடு சேர்த்து நீங்கள் பதிவிறக்கும் சின்னச் சின்ன லைப்ரரிகளைத்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றின் உரிமக் கோப்பையும் திறந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.