டாக்டரம்மா பதில்கள்: உறைநிலையில் மூன்று கருக்கள்

கேள்வி: ஐ.வி.எஃப். சிகிச்சையில் எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். மீதி மூன்று கருக்கள் ஆஸ்பத்திரியில் உறைநிலையில் இருக்கின்றன. ஆண்டுதோறும் கட்டணம் கேட்டுக் கடிதம் வருகிறது. "விட்டுவிடு" என்கிறார் கணவர். "கொலை" என்கிறார் ஜெபக்குழு அக்கா. நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, பாளையங்கோட்டை

பதில்: முதலில், அந்த அக்காவிடம் இதைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசாதிருங்கள். வேதாகமத்தில், பிள்ளையில்லாமல் அழுத அன்னாளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்த ஆசாரியர் ஏலியும் ஆலயத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கருக்கள் இருக்கும் இடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பேனா ரீஃபிலைவிட மெல்லிய குழாய், நுனியில் ஒரு துளி. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கிறது. மூடியைத் திறந்தால் மார்கழிப் பனிபோல வெண்புகை எழும்பும். ஐந்து நாள் கரு, பென்சிலால் வைத்த புள்ளியைவிடச் சிறியது. முதன்முறை மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தபோது, "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்ற 139ஆம் சங்கீதம்தான் என் நெஞ்சில் வந்து நின்றது. அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் இரட்டையருக்குச் சமம் என்றும் சொல்லமாட்டேன். கர்ப்பப்பையில் ஒட்டாமலே கழிந்துபோகும் கருக்கள் இயற்கையிலேயே ஏராளம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1987இலேயே இந்தச் சிகிச்சையை மறுத்துவிட்டது. 2008இல் வாடிகன் வெளியிட்ட ஆவணம், உறைகருக்களின் நிலையைத் தீர்க்க முடியாத அநீதி என்றது. நான் சி.எஸ்.ஐ.காரி, முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தச் சொல் குத்துகிறது. முட்டையையும் விந்தையும் சேர்ப்பதற்கு முன்பே, "வேண்டியதற்கு மேல் உருவாக்க வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளை கிடைத்தால் போதும் என்று நிற்கிறவளுக்கு அப்போது இதெல்லாம் எங்கே தோன்றும்?

இத்தகைய சிகிச்சைகளுக்கான 2021ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி கருக்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பிறகு அழிய விடுவார்கள், அல்லது உங்கள் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். உடல் இடங்கொடுத்து, இருவருக்கும் மனமிருந்தால் இன்னொரு பிள்ளைக்கு முயலுங்கள். இல்லையென்றால், கட்டணத்தைக் கட்டாமல் நழுவிவிடாதீர்கள். இருவருமாகப் போய் உங்கள் முடிவைச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். அன்று மாலை உங்கள் சபைப் போதகர் ஐயரை வீட்டுக்கு அழைத்து ஜெபியுங்கள். என்னுடையவையாக இருந்தால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கமாட்டேன். அது என் மனம், உங்களுக்குக் கட்டளையல்ல.

கேள்வி: இன்சுலினை மனித மரபணுவைக் கிருமிக்குள் வைத்துத் தயாரிக்கிறார்களாம். சிருஷ்டிப்பில் கைவைத்த மருந்தை விசுவாசி போட்டுக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: தாராளமாக. 1982இல் அது விற்பனைக்கு வருவதற்கு முன் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். அப்போது யாரும் பன்றியைத் தீட்டு என்று சொல்லும் லேவியராகமத்தைப் புரட்டவில்லை. உபவாச நாளில் அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.