பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டில் பாட்டு நின்று நின்று கேட்கிறது. வைஃபை சிக்னலை எப்படிக் கூட்டுவது?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு, ரூட்டர் முகப்பில், ஸ்பீக்கர் இரண்டாம் கட்டில். 100 மெகாபிட் இணைப்பு இருந்தும் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கிறது, 300-க்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம். அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், கேபிள் வாங்க உதவும்.

எங்கள் வீடும் அதே ரகம்தான், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில். தலைவாசல் ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். அப்பத்தா இருப்பது இரண்டாம் கட்டில். விடியற்காலை 5 மணிக்குத் திருப்புகழ் ஒலிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. கேசட் காலம் போய், சிடி காலமும் போய், பேத்தி வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது. முதல் நாளே, “பாட்டுக்கு விக்கல் எடுக்கிறதப்பா, கொஞ்சம் தண்ணீர் கொடு” என்றார். அந்த விக்கலை நிறுத்த எனக்கு நான்கு மாதம் பிடித்தது. உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேகத்தின் மீது பழி போடாதீர்கள். பாட்டுச் செயலிகளில் பரவலாக இருக்கும் உயர்தரமே நொடிக்கு 320 கிலோபிட்தான். சிடி தரத்தில் சுருக்காமல் அனுப்பினாலும் 1,411 கிலோபிட், அதாவது ஒன்றரை மெகாபிட்டுக்கும் குறைவு. உங்கள் இணைப்பில் 320 கிலோபிட் பாட்டு முந்நூறு ஒரே நேரத்தில் ஓடலாம். பாட்டுக்கு வேண்டியது கொஞ்சம், ஆனால் அந்தக் கொஞ்சம் விடாமல் வர வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் தகவல் பாதி வழியில் கெட்டுப்போகும். ரூட்டர் அதையே மறுபடி மறுபடி அனுப்பும். செயலி முன்கூட்டிச் சேர்த்து வைத்திருக்கும் சில நொடிப் பாட்டு அதற்குள் தீர்ந்துவிட்டால் விக்கல்தான்.

முதலில் குற்றவாளி வைஃபைதானா என்று பாருங்கள். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்குப் பாட்டு போகிறது என்றால், ஒரு பாட்டைப் பதிவிறக்கிக்கொண்டு, வைஃபையை அணைத்துவிட்டு அதை ஓடவிடுங்கள். அப்போதும் தடங்கினால் கோளாறு புளூடூத்தில். புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கைப்பேசியை ஸ்பீக்கருக்கு அருகில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஸ்பீக்கரே நேராக வைஃபையில் சேரும் வகை என்றால் இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்து, சிக்னலை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். எண் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை நிம்மதி, மைனஸ் 80-ஐத் தாண்டினால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் ரூட்டருக்கு அருகில் மைனஸ் 38. வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய முதல் கட்டில், நின்றபோது மைனஸ் 62. இரண்டாம் கட்டில் அப்பத்தாவின் அறைக்குள் காலை வைத்ததும் மைனஸ் 83. இது டெசிபல் கணக்கு: 3 குறைந்தால் வலு பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. ஆக வளவில் இருந்த வலுவில் நூற்றில் ஒரு பங்குகூட அறைக்குள் போகவில்லை. இத்தனைக்கும் இரண்டு இடத்துக்கும் நடுவில் இருபது எட்டுகூட இல்லை.

காரணம் தூரம் அல்ல, சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாக இரண்டடி கனத்தில் எழுப்பிய சுவர். அலை அதில் சாய்வாக நுழைந்தால் இரண்டடி என்பது ஏறக்குறைய மூன்றடியாகிவிடும். ஐப்பசி மழையில் சுவரில் ஈரம் ஊறினால் இன்னும் மோசம். ரூட்டரின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் சுவரைக் கண்டால் 2.4-ஐவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடும். பின்கட்டுக்குப் பாட்டு மட்டும் போதும் என்றால் 2.4 போதும்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் எங்கள் ரூட்டரை முகப்பில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால், இரும்பு பீரோவின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கம்பி அந்த இடத்தில் வந்து முடிந்ததாம். கண்ணாடியின் முதுகில் இருக்கும் பூச்சு உலோகம். அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். பீரோ சொல்லவே வேண்டாம். ஆக நாங்கள் மாதாமாதம் பணம் கட்டித் தெருவுக்கு வைஃபை விட்டுக்கொண்டிருந்தோம்.

இங்கேதான் நம் வீடுகளின் அமைப்பே கைகொடுக்கும். தலைவாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு எல்லாம் கடந்து கொல்லை வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும் அல்லவா? கண் போகும் வழியில் அலையும் போகும். ரூட்டரை அந்த நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து, ஆள் உயரத்துக்கு மேல், நிலைக்கு அருகில் திறந்த இடத்தில் வையுங்கள். ஆன்டெனாக்களை நிமிர்த்தி விடுங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு காரியத்திலேயே இரண்டாம் கட்டு வாசலில், அறைக்கு வெளியே, மைனஸ் 70 கிடைத்தது. அப்பத்தா ஸ்பீக்கரை அறைக்கு வெளியே பத்தியில் (தாழ்வாரத்தில்) வைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சம்மதிக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி, அப்பத்தாவின் அறையிலேயே செருகினேன். கைப்பேசியில் சிக்னல் கோடுகள் முழுதாக நின்றன. பாட்டுக்கு மட்டும் விக்கல் நிற்கவில்லை. வறண்ட கண்மாயில் மோட்டார் இறக்கிய கதை. ரிப்பீட்டர் தனக்குக் கிடைப்பதைத்தான் திருப்பிச் சொல்லும். கிடைப்பதே அரைகுறை என்றால் அரைகுறையைத்தான் உரக்கச் சொல்லும். அந்தக் கோடுகள் கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள உறவைக் காட்டுகின்றன, ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் உள்ள உறவை அல்ல. போதாக்குறைக்கு, ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் மலிவு வகையில் வேகமும் பாதியாகும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில், வளவுப் பத்தியில் வையுங்கள். மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பதற்கும் இதே விதிதான்.

எனக்குக் கடைசியில் வழிகாட்டியது கேபிள். அலையைச் சுவருக்குள் திணிக்காமல், கம்பியை அறை வரை கொண்டுபோய், அங்கே ஒரு சின்ன வைஃபையை உண்டாக்கிக்கொள்வது. ஆனால் நம் வீடுகளில் துளை போடுவது என்றால் சும்மாவா? சுவரில் துளை என்ற பேச்சை எடுத்த அன்றே சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பங்காளிகள் அழைத்துவிட்டார்கள். அவர்கள் பயம் நியாயம். முட்டை வெண்கருவும் சுண்ணாம்புமாக இழைத்த அந்த வழவழப்பைச் சிமென்ட்டால் ஒட்டுப்போட்டால் நூறு ஆண்டுக்கும் வடு தெரியும்.

அதனால் ஒரு துளைகூடப் போடாமல் வழி தேடினோம். முகப்புக் கதவுக்கு மேலே காற்றுக்கு விட்டிருக்கும் கம்பிச் சாளரத்தில் நுழைத்து, வளவுப் பத்தியின் தேக்கு உத்தரத்தை ஒட்டி ஓட்டி, இரண்டாம் கட்டு நிலையின் மூலையில் இறக்கி, அறைச் சன்னல் வழியாக உள்ளே. மொத்தம் 38 மீட்டர். கேட் 6 (Cat 6) வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், கவலை இல்லை. முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள்; அலுமினியத்துக்குச் செம்பு பூசியதை மலிவாகத் தலையில் கட்டுவார்கள். வளவில் வெயில் விழும் பகுதிக்குக் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிள்தான் சரி. இடி மின்னலை நினைத்து ஓட்டுக் கூரைக்கு மேலே கொண்டுபோகாமல், கூரைக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதமே அணில் ஒன்று கடித்து வைத்தது. அதன் பிறகு பிவிசி குழாய்க்குள் விட்டோம்.

கேபிளின் மறுமுனைக்குப் புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. அலமாரியில் தூங்கும் பழைய ரூட்டர் போதும். அமைப்பில் ஆக்சஸ் பாயிண்ட் என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையை நிறுத்திவிட்டு, முதல் ரூட்டரோடு மோதாத வேறு முகவரி ஒன்றைக் கொடுத்து, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் முகப்பில் இருப்பதே இருக்கட்டும். கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். 2.4-இல் ஒரு பெட்டிக்கு 1-ஆம் சேனல், மற்றதற்கு 6 அல்லது 11 என்று பிரித்துவிடுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை. இப்போது அப்பத்தாவின் அறையில் மைனஸ் 41. வந்த செலவு கேபிளும் குழாயும் எலக்ட்ரீஷியன் கூலியும்தான்.

ஒன்றை மட்டும் நான் கோட்டைவிட்டேன். முகப்பு ரூட்டர் இன்வெர்ட்டரில் இருந்தது, பின்கட்டுப் பெட்டி இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை மின்சாரம் போனது. பேட்டரி ஸ்பீக்கர் உயிரோடு இருக்கப் பாட்டு மட்டும் பாதி அடியில் நின்றது. அப்பத்தா மீதியைத் தானே பாடி முடித்துவிட்டு, வாசல் தெளிக்கப் போய்விட்டார். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யூபிஎஸ் விற்கிறது. வாங்கும்போது உங்கள் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். சில பழைய பெட்டிகள் 9 வோல்ட்.